"என்னால் இயலாது" என்று சொல்லத் தெரிந்த ஊழியர்

மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கும் என்னிடம் வரும் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெரும்பாலானவை, அதற்கு முன்பே ஒரு சேகர குருவையோ, உபதேசியாரையோ, ஜெபக்குழு நடத்தும் அம்மா ஒருவரையோ பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கின்றன. அதில் குறை காண எதுவுமில்லை. மனநல மருத்துவர் இல்லாத ஊரிலும் சபை இருக்கிறது. நள்ளிரவில் போய்த் தட்டினாலும் சபை ஊழியர் வீட்டுக் கதவு திறக்கிறது. என் வருத்தம் வேறு. அன்போடு அவர்களை ஏற்றுக்கொண்ட அந்த ஊழியர், காரியம் தம் கைக்கு மிஞ்சிவிட்டது என்று உள்ளூர உணர்ந்த பிறகும், அதை வெளியே சொன்னால் விசுவாசக் குறைவாக எண்ணுவார்களோ என்று அஞ்சி, மாதக்கணக்கில் தனியே சுமந்திருப்பார். நோயும் அத்தனை மாதங்கள் முற்றியிருக்கும்.

இந்த அச்சத்துக்கு வேதத்தில் ஆதாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காலை முதல் மாலைவரை ஒருவனாக உட்கார்ந்து ஜனங்களை நியாயம் விசாரித்த மோசேயிடம் "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று எத்திரோ நேராகவே சொன்னார்; மோசேயும் மாமனார் சொல்லைக் கேட்டுப் பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்தார். எபேசுவில் பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்களால்கூட நோயாளிகள் குணமடைந்தார்கள் என்று அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே பவுல், தம் உடன் ஊழியனாகிய துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஏன் சுகமாகவில்லை என்ற விளக்கமோ, துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றிய குற்றச்சாட்டோ அங்கே கிடையாது. சுகமளிக்கும் கூட்டங்களில் இந்த வசனத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

எனக்கு மிகவும் உதவியது நல்ல சமாரியனின் உவமைதான். அடிபட்டுக் கிடந்தவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்துக்குக் கொண்டுபோய் அன்றைக்கு அவனைப் பராமரித்தான் என்பது வரையில் எல்லாப் பிரசங்கங்களிலும் வரும். மறுநாள் நடந்ததைத்தான் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அவன் இரண்டு வெள்ளிப்பணத்தைச் சத்திரக்காரன் கையில் கொடுத்து, இவனை விசாரித்துக்கொள், அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டான். முழுக் குணமும் தன் கையாலேயே ஆக வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. ஒப்படைத்ததோடு தன் கடமை தீர்ந்தது என்றும் நினைக்கவில்லை. பயணத்தைத் தொடர்ந்த அவனைத்தான் இயேசு அயலானுக்கு உதாரணமாகக் காட்டினார்.

நடைமுறையில் இந்த எல்லை எங்கே வருகிறது என்பதற்குக் குடிப்பழக்கம் தெளிவான உதாரணம். பல வருடங்களாகத் தினமும் குடித்துவந்த ஒருவர், உபவாச ஜெபத்தில் மனம் உடைந்து, இன்றோடு விட்டேன் என்று தீர்மானம் எடுக்கிறார், சபையே மகிழ்கிறது. ஆனால் மதுவுக்குப் பழகிப்போன மூளை, அது திடீரென நின்றால் கொந்தளித்துப்போகும். முதல் நாளிலேயே கைநடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு காய்ச்சலும் மனக்குழப்பமும் வந்து, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கட்டத்தில் ஆளைக் கட்டிவைத்து, பிசாசு போகிறது என்று சத்தமிட்டு ஜெபிப்பவர்கள் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர். என்றாலும் அது உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசரநிலை. உரிய மாத்திரைகளும் தயாமின் ஊசியும் மருத்துவமனைக் கண்காணிப்பும் சரியான நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியதும்கூட. எனவே, தீர்மானம் எடுத்தவரைக் கட்டியணைத்து வாழ்த்தும் உபதேசியார், "அண்ணே, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு நிறுத்துவோம், நானும் வருகிறேன்" என்று சொன்னால், அந்த மனிதரின் மனந்திரும்புதல் ஒரு அணுவளவும் குறையாது.

ஜெபத்தால் சுகமானேன் என்று சபையில் சாட்சி சொல்வதற்காக மாத்திரையை நிறுத்துவதும் இதைப் போன்றதே. வலிப்பு மருந்தையோ மனநோய் மருந்தையோ சட்டென்று நிறுத்தினால் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எழுதிக் கொடுத்த மருத்துவருக்கு மட்டுமே உண்டு. லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று பவுல் குறிப்பிட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வரும்போது ஊழியர் செய்யக்கூடியது நிறைய உண்டு. தனியாகச் செய்யக்கூடியது மிகக் குறைவு. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, அம்மா?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பலருக்கு அந்தக் கேள்வியே பெரிய ஆறுதல். ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். வழக்கு வருமே என்று குடும்பங்கள் இன்னமும் ஒளிக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, அவரைத் தண்டனையிலிருந்து காக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தில் எல்லையைச் சட்டமே வரைந்திருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, அப்படியொரு குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஊழியருக்கு இதில் விலக்கு இல்லை. குற்றம் செய்தவரையும் குழந்தையின் பெற்றோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஜெபித்து ஒப்புரவாக்குவது குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது அநீதி என்பது என் உறுதியான கருத்து. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு ஞாயிறு பள்ளி ஆசிரியரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

இயலாமையைச் சொல்லும் விதமும் முக்கியம். "இதெல்லாம் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்" என்ற ஒற்றை வரி, ஏற்கெனவே எல்லாராலும் ஒதுக்கப்பட்டவருக்கு இன்னொரு கதவு மூடுவதாகவே கேட்கும். "நீங்கள் சொன்னதை முழுவதும் கேட்டேன், அம்மா. இது என் அறிவுக்கு எட்டாத காரியம். இதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை நாம் சேர்ந்தே போவோம், ஜெபிப்பதை நான் நிறுத்தப்போவதில்லை" என்று சொன்னால், அதே செய்தி வேறுவிதமாகப் போய்ச் சேரும். அப்படிச் சொல்வதற்கு, எங்கே போக வேண்டும் என்பது ஊழியருக்கு முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்பதை விசாரித்து ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க ஒரு நாள் போதும்.

ஒப்படைத்த பிறகு சபைக்கு இருக்கும் வேலையை எந்த மருத்துவமனையாலும் செய்ய முடியாது. உள்நோயாளியோடு ஒருவர் தங்க வேண்டியிருக்கும்போது வீட்டில் பிள்ளைகளுக்கு யார் சமைப்பது, மாதந்தோறும் மாத்திரை வாங்கப் பேருந்துக் கட்டணம் யார் தருவது, பல வாரங்கள் கழித்து ஆராதனைக்கு வரும் அவரைப் பார்த்து யாரும் குசுகுசுவென்று பேசாமல், பழைய இடத்திலேயே உட்காரவைப்பது யார் என்பதையெல்லாம் பெண்கள் ஐக்கிய சங்கமும் வாலிபர் ஐக்கியமும் முன்கூட்டியே பேசிப் பங்கிட்டுக்கொள்ளலாம்.