பத்துக் காசில் ஒன்றைக் காணோம்

காரைக்குடியில் சர்ச் நடத்தும் ஒரு மழலையர் பள்ளியில் என் அண்ணன் மகள் பிரிகேஜி படிக்கிறாள். மூன்றரை வயது. ஒருநாள் அவளைக் கொண்டுபோய் விட்டவள், டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வகுப்பின் பின்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். சுவரோரம் ஒரு வரிசையில் பத்துக் கல்லுக்கு மட்டும் சாக்பீஸில் 1 முதல் 10 வரை எழுதியிருந்தது. டீச்சர் ஓலைக் கொட்டானைக் கவிழ்த்தார், சோழிகள் விழுந்தன. அன்றைக்கு லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்துக் கதை: பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த ஒரு பெண் ஒன்றைத் தொலைத்துவிட்டு, விளக்கை ஏற்றி வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். பிள்ளைகள் கண்ணை மூடினார்கள். டீச்சர் ஒரு சோழியைப் பாய்க்கு அடியில் ஒளித்துவிட்டு, "காசு எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

எங்கள் பிள்ளைதான் முந்திக்கொண்டு எண்ணினாள். விரல் ஒரு வேகத்தில் போனது, வாய் இன்னொரு வேகத்தில் போனது. ஒன்பது சோழிக்குப் பத்து என்று முடித்து, "இருக்கு!" என்றாள். டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. "கல்லுக்கு ஒரு காசு வை, பாப்பா" என்றார். அவள் வைத்துக்கொண்டே போனாள். பத்தாம் கல் வெறுமையாக இருந்தது. ஒரு நொடி அப்படியே நின்றாள். அப்புறம், "ஒண்ணக் காணோம்!" என்று கத்திவிட்டுப் பாயைப் புரட்ட ஓடினாள்.

அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

'ஒன்று இரண்டு மூன்று' என்று ஒப்பிப்பது பாட்டுப் பாடுவது மாதிரி. இரண்டு வயதிலேயே பல பிள்ளைகளுக்கு வந்துவிடும். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று பொருத்துவது அடுத்த வேலை. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்று புரிவது இன்னொரு வேலை, இருப்பதிலேயே கடினமானதும் அதுதான். கேரன் வின் என்ற உளவியலாளர் 1990இல் இதை எளிமையாகக் காட்டினார். பத்து வரை சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் "மூன்று பொம்மை கொடு" என்று கேட்டால், பல சமயம் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்துவிடும். முதலில் 'ஒன்று' மட்டும் பிடிபடும். சில மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. இப்படி ஏறி, எண்ணினால் அளவு தெரியும் என்ற சூட்சுமம் பிடிபட ஒரு வருஷம்கூட ஆகலாம். அதற்குள் நோட்டில் நூறு வரை எழுத வைத்தால், பிள்ளைக்குக் கோடு இழுக்க வரும், அளவு வராது.

வெறுமையாகக் கிடந்த அந்தக் கல், நாம் வாயால் சொல்லி விளக்க முடியாததைக் காட்டிவிட்டது. பிள்ளை எதிர்பார்த்தது ஒன்று, கண்ணெதிரே இருப்பது வேறு. அந்த இடைவெளியில்தான் மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. தேட வேண்டும் என்ற ஆசையைக் கதை கொடுத்தது, தவறைக் கல் காட்டியது. எதை, எங்கே ஒளிப்பது என்று டீச்சர் முன்கூட்டியே யோசித்திருந்தார். சும்மா விளையாட விட்டிருந்தால் இது நடந்திருக்காது.

கற்களை வரிசையாகத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் 1 முதல் 10 வரை கட்டம் போட்ட பலகையில் சுமார் இருபது நிமிஷம் வீதம் நான்கு முறை விளையாடினார்கள். எது பெரிய எண் என்று சொல்வது, எண்ணுவது எல்லாமே மேம்பட்டன. ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்தது. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அடுத்து வந்த ஆய்வில், கட்டங்கள் வட்டமாக இருந்தபோதும் அவ்வளவு பலன் இல்லை. நேர்க்கோட்டில் பெரிய எண் தள்ளி இருக்கிறது, அங்கே போக நேரமும் அடிகளும் கூடுதலாக வேண்டும். கண், கால், வாய் மூன்றும் ஒரே செய்தியைச் சொல்கின்றன.

ஒரு நுணுக்கம். பகடை உருட்டி இந்தக் கற்களில் குதித்து ஆடும்போது, மூன்றாம் கல்லில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று குதிக்கக் கூடாது; "நான்கு, ஐந்து" என்று குதிக்க வேண்டும். சற்றுப் பெரிய பிள்ளைகளிடம் 2014இல் செய்த ஆய்வில் இந்தச் சின்ன வித்தியாசமே பலனை மாற்றியது.

சரி, வீட்டுக்கு வருவோம். "ஃபீஸ் கட்டுறோம், நோட்டுல ஒண்ணுமே எழுதலையே டீச்சர்" என்று என் அண்ணி கேட்டார். நியாயமான கவலைதான். டீச்சர் ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகளோடு பாயில் உட்காரவைத்து அதே காசு விளையாட்டை ஆட வைத்தார். "இத வீட்டுலயும் ஆடுங்க, உங்ககிட்ட இருக்குற சாமான வெச்சே" என்பதுதான் வீட்டுப்பாடம்.

வீட்டில் நடக்கும் பேச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சான்று இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவின் குழு 44 குடும்பங்களை, பிள்ளைக்கு 14 மாதம் முதல் 30 மாதம் வரை, ஐந்து தடவை தலா 90 நிமிஷம் பதிவு செய்தது. அந்த ஏழரை மணி நேரத்தில் ஒரு பெற்றோர் சொன்ன எண் சொற்கள் வெறும் 4. இன்னொருவர் சொன்னவை 257. அதிகம் கேட்ட பிள்ளைகளே 46 மாதத்தில் அளவை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், குடும்ப வசதியைக் கணக்கில் எடுத்த பிறகும். கண்முன் இருக்கும் பொருள்களை, அதுவும் நான்கு முதல் பத்து வரை எண்ணிக் காட்டுவதே கூடுதலாக உதவியது என்று 2011இல் அடுத்த ஆய்வு சொன்னது.

அதற்குத் தோதான கருவி எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்தது: பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 சோழி. ஒரு குழியை வழித்து, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதுதான் ஆட்டம். ஒரு பொருளுக்கு ஓர் இடம் என்ற பொருத்தத்தைக் கையே பழகிவிடும். குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு', எடுத்துக்கொள்ளலாம். எண்ணாமல் ஒரே பார்வையில் மனிதக் கண் அறியும் எல்லை ஏறக்குறைய நான்கு. அந்த எல்லையில் கொண்டுபோய்ப் பசுவை நிறுத்தியவர் யாரோ, கைகூப்பத் தோன்றுகிறது. (எதையும் வாயில் போடும் வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் சோழி, புளியங்கொட்டை இரண்டும் வேண்டாம்.)

எண்ணும்போது தமிழிலேயே எண்ணலாம். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் என்று சொல்லே சொல்கிறது. 'லெவன்' அப்படிச் சொல்வதில்லை. ஒரு மொழியில் புரிந்த அளவு இன்னொரு மொழியிலும் கைகொடுக்கும்.

இப்போது சாயங்காலம் வளவில் அப்பத்தாவும் பேத்தியும்தான் ஆடுகிறார்கள். போன வாரம் "மூணு சோழி குடு" என்று கேட்டேன், சரியாகக் கொடுத்தாள். "நாலு குடு" என்றதும் கைப்பிடியாக அள்ளினாள். அப்பத்தா சிரித்துக்கொண்டே, "பசு ஒண்ணு கட்டிக் குடு ஆத்தா" என்றார். அவள் காலிக்குழியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். நான்காவதைப் போட்டதும் கையை எடுத்துவிட்டு, அப்பத்தா முகத்தைப் பார்த்தாள்.