மொட்டை மாடிச் சூடு எங்கே போகும்?

“பகலைக்கூடச் சமாளித்துவிடலாம், ராத்திரிதான் தாங்க முடியவில்லை. பத்து மணிக்கு வெளியே வந்து நின்றால் காற்று இதமாக இருக்கிறது. அறைக்குள் போனால் தகிக்கிறது. எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டாலும் அப்படியேதான். ஏசி வாங்காமல் ஏதாவது செய்ய முடியுமா?” மேல்மாடியில் குடியிருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முடியும். ஆனால் முதலில் குற்றவாளியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். இந்த வாசகர் காற்றைச் சந்தேகப்படுகிறார். அவரை வதைப்பது கூரை.

வெப்பம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று வழிகளில் பரவும் என்பது பள்ளிப் பாடம். மூன்றாவதைச் சூரியனோடு சேர்த்துப் படித்துவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறோம். ஆனால் சுவர், தரை, கட்டில், அதில் படுத்திருக்கும் நாம் என எல்லாமே எந்நேரமும் அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டுதான் இருக்கிறோம். எவ்வளவு வீசுகிறோம் என்பது வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. (கெல்வின் கணக்கில்தான்.) இதை இயற்பியலாளர் ஜோசப் ஸ்டெஃபான் 1879-இல் சோதனை அளவுகளிலிருந்து கண்டுபிடித்தார்; அவருடைய மாணவர் போல்ட்ஸ்மன் 1884-இல் கோட்பாட்டின் வழியாக அதே விதிக்கு வந்து சேர்ந்தார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் தோலின் வெப்பநிலை சுமார் 34 டிகிரி செல்சியஸ். அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 வாட் வீசுகிறது. கூரையின் அடிப்பக்கம் 28 டிகிரியில் இருந்தால் அங்கிருந்து 465 வாட் திரும்பி வரும். நிகரமாக நமக்கு 35 வாட் இழப்பு, சுகமாக இருக்கும். கூரை 40 டிகிரியில் இருந்தாலோ 540 வாட் வந்து இறங்கும். இப்போது இழப்பதற்குப் பதிலாக 40 வாட் வாங்கிக்கொள்கிறோம். சும்மா படுத்திருக்கும் உடம்பே சுமார் 100 வாட் சூட்டை உண்டாக்கி எப்படியாவது வெளியே தள்ளப் பார்க்கிறது. அதன் முக்கியமான வாசலை இப்படி அடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது பெரும்பாலும் வியர்வைதான். மின்விசிறி முக்கியமாக அந்த வியர்வையை உலர்த்தத்தான் உதவும். கூரையிலிருந்து வரும் கதிர்களை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, ராத்திரி பத்து மணிக்குக் கூரை ஏன் இன்னும் சூடாக இருக்கிறது? 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளத்தில் ஒரு சதுர மீட்டரின் எடை சுமார் 360 கிலோ. அதை ஒரு டிகிரி சூடாக்கவே 300 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். மேற்பரப்பில் ஏறும் சூடு அடிப்பக்கத்துக்கு வந்து சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிறது. ஆக, உச்சி வெயிலின் சூடு மாலை ஐந்து, ஆறு மணிக்குத்தான் அறைக்குள் உச்சத்தைத் தொடும். பகலில் சூரியனிடம் வாங்கிய கடனைக் கான்கிரீட் இரவெல்லாம் தவணை முறையில் நம் தலைமேல் இறக்குகிறது. ஜன்னலைத் திறந்தும் பயனில்லை என்று வாசகர் சொல்வதற்கும் இதுதான் காரணம். பத்து சதுர மீட்டர் அறையில் இருக்கும் மொத்தக் காற்றையும் விட, மேலே இருக்கும் கான்கிரீட் சுமார் 90 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். உள்ளே வந்த குளிர்ந்த காற்றை அது சில நிமிடங்களில் சூடாக்கிவிடும்.

மேற்குச் சுவரும் இதே வேலையைத்தான் செய்கிறது. மாலை வெயில் தாழ்வாக, கிட்டத்தட்ட நேராகச் சுவரில் அடிக்கும். அதற்குள் காற்றும் நன்றாகச் சூடேறியிருக்கும். அந்த மூலை அறையில் படுத்தால் தூக்கமே வருவதில்லை, ஏதோ சரியில்லை என்று பரிகாரம் தேடுகிறவர்கள் உண்டு. ஏதோ சரியில்லைதான். ராத்திரி எட்டு மணிக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் அது என்ன என்று தெரிந்துவிடும்.

இனி வைத்தியம். மொட்டை மாடிக்கு வெள்ளை பூசுங்கள் என்று யாரும் சொல்வார்கள், சரியான யோசனைதான். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். அழுக்கேறிய சாம்பல் நிறக் கான்கிரீட் அதில் 700 வாட் வரை விழுங்கும். நல்ல வெள்ளைப் பூச்சு 200 வாட்தான் விழுங்கும். இதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடியே. எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருகிறது.

வெயிலைத் திருப்பி அனுப்புவதுதான் நோக்கம் என்றால், வெள்ளை எதற்கு? பளபளக்கும் அலுமினியத் தகட்டைப் போர்த்திவிடலாமே? அதுவும் வெயிலை நன்றாகவே திருப்புகிறது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் வைத்துப் பார்த்தால் உலோகம் சுடும். வெள்ளைப் பூச்சில் கை வைக்க முடியும். விழுங்கும் வெயிலின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

காரணம், வெள்ளைப் பூச்சுக்கு இரண்டு முகங்கள் இருக்கின்றன. சூரிய ஒளியின் ஆற்றல் பெரும்பாலும் 0.3 முதல் 2.5 மைக்ரான் வரையான அலைநீளங்களில் வருகிறது. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) கூரை போன்ற சாதாரணச் சூட்டில் இருக்கும் பொருள்கள் வீசும் கதிர்களோ 4 மைக்ரானுக்கு மேல்தான் தொடங்குகின்றன. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அதனால் ஒரே பரப்பு முதல் பகுதியில் வெள்ளையாகவும் இரண்டாவது பகுதியில் கன்னங்கரேலென்றும் இருக்கலாம். வெள்ளைப் பூச்சு அப்படிப்பட்டது. அதில் இருக்கும் தாதுத் துகள்களும் பிசினும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடித்துவிடுகின்றன. ஆனால் அவற்றின் மூலக்கூறுப் பிணைப்புகள் அதிரும் வேகம் அகச்சிவப்போடு ஒத்துப்போகிறது. அகச்சிவப்பை அவை நன்றாக விழுங்கும். எதை நன்றாக விழுங்குமோ அதை நன்றாக வீசவும் செய்யும் என்பது கிர்க்காஃப் விதி. அகச்சிவப்புக் கண்களால் பார்த்தால் வெள்ளைச் சுவரும் கரிச்சுவரும் ஒன்றுதான். இரண்டின் உமிழ்திறனும், அதாவது முழுமையாக வீசினால் 1 என்ற கணக்கில் கதிர்வீசும் திறனும், 0.9 அளவில் இருக்கும். பளபளப்பான அலுமினியத்துக்கு அது 0.05 அளவுதான். வாங்கிய கொஞ்சச் சூட்டையும் வெளியே வீசத் தெரியாமல் உலோகம் தனக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறது.

வீசிய சூடு எங்கே போகிறது? பாதிக் கதை இங்கேதான் இருக்கிறது. வளிமண்டலத்தில் இருக்கும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அகச்சிவப்பில் பெரும்பகுதியை மறித்துவிடுகின்றன. ஆனால் 8 முதல் 13 மைக்ரான் வரை ஓர் இடைவெளி இருக்கிறது. இடையில் ஓசோன் மட்டும் ஒரு மெல்லிய கீற்றை மறைக்கும். மற்றபடி வழி திறந்தே கிடக்கிறது. இதற்கு வளிமண்டல ஜன்னல் என்று பெயர். 30 டிகிரியில் இருக்கும் ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் மிக அதிகமாகக் கதிர்வீசும் என்று வீன் விதியைப் போட்டுப் பார்த்தால் 9.6 மைக்ரான் என்று வரும். ஜன்னலுக்கு உள்ளேயே! நம் வீட்டுக் கூரையின் சூட்டில் ஒரு பகுதி காற்றைச் சூடாக்காமல், மேகத்தில் தங்காமல், நேராக விண்வெளிக்குப் போய்விடுகிறது. அங்கே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 270 டிகிரி. உலகத்திலேயே பெரிய குளிர்பெட்டி தலைக்கு மேலே கதவு திறந்து கிடக்கிறது, மின்கட்டணமும் இல்லை.

புல்லின் மேல் பனித்துளி படிவதும் இதனால்தான். 1814-இல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர் இதைத் தெளிவாக விளக்கினார். கால் வைத்து உயர்த்திய ஒரு பலகையின் மேல்பக்கம் கொஞ்சம் கம்பளி, அடிப்பக்கம் அதே எடைக்குக் கம்பளி வைத்து இரவெல்லாம் வெளியே விட்டார். காலையில் நிறுத்துப் பார்த்தபோது, வானத்தைப் பார்த்திருந்த கம்பளிதான் அதிக ஈரத்தோடு கனத்தது. பனி வானத்திலிருந்து கொட்டவில்லை. வானத்தைப் பார்த்த கம்பளி காற்றைவிடக் குளிர்ந்து போனதால் காற்றின் ஈரம் அதன் மேல் படிந்தது.

சந்தேகம் இருப்பவர்கள், பொருள்களின் சூட்டைத் தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைக் கொண்டு தாங்களே பார்க்கலாம். மேகமில்லாத இரவில் அதைக் கூரையின் அடிப்பக்கம் காட்டினால் 36, 37 என்று சொல்லும். மாடிக்குப் போய் நேர் மேலே வானத்தைக் காட்டினால் எண் சரசரவென்று இறங்கும். உலர்ந்த காற்றாக இருந்தால் சுழியத்துக்கும் கீழே போகும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 8 முதல் 14 மைக்ரான் வரைதான் பார்க்கின்றன. அதாவது அந்த ஜன்னல் வழியாகத்தான். ஒரு மேகம் வந்து மறைத்தால் எண் உடனே ஏறிவிடும். மேகமூட்டமான இரவு ஏன் புழுங்குகிறது என்பது உங்கள் கையிலேயே எண்ணாகத் தெரியும்.

தெளிந்த இரவில் இப்படி சதுர மீட்டருக்கு 50 முதல் 100 வாட் வரை வெளியேறலாம். பகலிலும் இது நின்றுபோவதில்லை, வெயிலின் வரவு அதை மூழ்கடித்துவிடுகிறது, அவ்வளவுதான். அப்படியானால் வெயிலில் 97 சதவீதத்தைத் திருப்பிவிட்டால்? வரவு 30 வாட், செலவு 50-க்கு மேல். பட்டப்பகலில், வெயிலில் நிற்கும் ஒரு பொருள் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்து போக வேண்டும். கேட்டால் ஏமாற்று வேலை போல் இருக்கும். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபான் குழுவினர் வெள்ளியின் மேல் ஹாஃப்னியம் ஆக்சைடும் சிலிக்காவும் மாறி மாறி ஏழு அடுக்குப் படியவைத்து இதைச் செய்து காட்டினார்கள். காற்றைவிட ஏறக்குறைய 5 டிகிரி குறைவு. பர்டூ பல்கலைக்கழகத்தில் சியூலின் ருவான் குழு பூச்சு வடிவில் முயன்றது: 2020-இல் கால்சியம் கார்பனேட் துகள்களைக் கொண்டு வெயிலில் 95.5 சதவீதத்தையும், 2021-இல் பேரியம் சல்ஃபேட் கொண்டு 98.1 சதவீதத்தையும் திருப்பியது. கடைகளில் கிடைக்கும் வெள்ளையில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாவை விழுங்கிவிடுவதுதான் அது இந்த அளவை எட்டத் தடை.

இந்தக் கால்சியம் கார்பனேட் வேறு யாருமல்ல. சுண்ணாம்பு அடித்தால் அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கடைசியில் மாறுவது இதுவாகத்தான். துகள்களின் அளவைப் பார்த்துப் பார்த்துக் கலப்பதில்தான் ஆய்வகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. மழையில் கரையும், கையில் ஒட்டும் என்ற குறைகள் இருந்தாலும் சாதாரணச் சுண்ணாம்பு ஏழை வீட்டுக்கு இன்றும் நல்ல முதல் படிதான். என் தனிப்பட்ட ஆதங்கம் ஒன்று. உள்ளங்கை அகல மாதிரியைச் சில நாள் வெயிலில் வைத்து அளப்பதற்குக் கிடைக்கும் கவனம், அதே பூச்சு மூன்று வருடத் தூசியும் பாசியும் ஏறிய பிறகு என்ன ஆகிறது என்று அளப்பதற்குக் கிடைப்பதில்லை. வீட்டில் குடியிருப்பவருக்கு வேண்டியது இரண்டாவது எண்தான். அந்தச் சலிப்பான வேலைக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

பூச்சு வாங்கும்போது டப்பாவில் ‘நானோ’ என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். சூரிய ஒளியை எவ்வளவு திருப்பும், அகச்சிவப்பை எவ்வளவு வீசும் என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். முதலாவது 0.8-க்கு மேலும் இரண்டாவது 0.85-க்கு மேலும் இருந்தால் போதும். பூசிய பிறகு வருடம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவ வேண்டும். கறுத்துப்போன வெள்ளை பாதி வேலைதான் செய்யும். குளிர்காலம் நீண்டு, வீட்டைச் சூடாக்கவே செலவாகும் இடங்களில் இந்த வைத்தியம் எதிராகத் திரும்பும். அங்கே கூரைக்கு வெப்பக்காப்புப் போடுவதே சரி. ஈரம் கனத்த காற்றிலும் வளிமண்டல ஜன்னல் பாதி மூடியிருக்கும். ஆனாலும் பகல் வெயிலைத் திருப்பும் லாபம் எங்கும் போகாது.

மாடிக்கு மேலே நிழல்வலை கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் அது நல்லது. ராத்திரி அதுவே வானத்தை மறைத்துவிடும். சுருட்டி வைக்கும்படி கட்டுங்கள். 1970-களில் கலிஃபோர்னியாவில் ஹரோல்ட் ஹே இந்த யோசனையை முழு வீடாகவே கட்டினார்: கூரைமேல் தண்ணீர்ப் பைகள், அவற்றின் மேல் பகலில் மூடி இரவில் நகர்ந்து திறக்கும் காப்புப் பலகைகள்.

மேற்கு ஜன்னலுக்குத் திரை போடுவதென்றால் கண்ணாடிக்கு வெளியே போடுங்கள். உள்ளே தொங்கும் திரை வெயிலை விழுங்கிச் சூடாகி அறைக்குள்ளேயே வீசும். அந்த அகச்சிவப்பு கண்ணாடி வழியே திரும்ப வெளியேறாது.

வாடகை வீடு, மாடியில் கை வைக்க முடியாது என்றால் உள்ளிருந்து ஒரு வழி உண்டு. மேலே வில்லனாக இருந்த அலுமினியம் இங்கே நண்பன். கட்டிலுக்கு நேர் மேலே கூரையின் அடியில், பளபளப்பான பக்கம் கீழே பார்க்கும்படி அலுமினியத் தாள் ஒட்டிய பலகையைப் பொருத்துங்கள். விளக்குக்கும் மின்கம்பிக்கும் தள்ளியே இருக்கட்டும். கான்கிரீட் அப்போதும் சுடும், ஆனால் உமிழ்திறன் குறைந்த பரப்பு கீழே அதிகம் கதிர்வீசாது. தூசி படிந்தால் இந்தக் குணம் போய்விடும், துடைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், அதன் வெப்பநிலையை அகச்சிவப்பு வெப்பமானியால் நேராக அளந்து ஏமாறாதீர்கள். அது காட்டுவது தாளின் சூட்டை அல்ல, அதில் பிரதிபலிக்கும் தரையின் சூட்டையும் உங்கள் சூட்டையும். ஒரு துண்டு காகித டேப்பைத் தாளின் மேல் ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு, டேப்பைக் குறிவைத்து அளந்தால் சரியான எண் கிடைக்கும்.