மருந்து அடிக்க முன்னர் இலையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

பயற்றங்கொடியின் நுனியில் அழுக்கணவன் (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி, aphid) கறுப்பாக அப்பியிருக்கிறது. அதன் நடுவே, கரிய உடலில் செம்மஞ்சள் திட்டுகளோடு குட்டி முதலை போல ஒரு புழு ஊர்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல்கனியில் மரக்கறி வளர்ப்பவர்கள் பலர் முதலில் நசுக்குவது அந்தப் புழுவைத்தான். அது பொறிவண்டின் குடம்பி, அதாவது புழுப்பருவம். அழுக்கணவனைத் தின்னத்தான் அங்கே நிற்கிறது.

ஒரு பூதக்கண்ணாடியோடு பத்து நிமிடம் பாருங்கள். தூரத்து இரை அதற்குச் சரியாகத் தெரியாது. தண்டிலும் இலை நரம்பிலும் அலைந்து, முட்டுப்படும் அளவுக்குக் கிட்டப் போன பிறகே பிடிக்கும். புதிதாகப் பொரித்த குடம்பி இரையைக் கவ்வி, சமிபாட்டுச் சாற்றை உள்ளே விட்டு, கரைந்ததை உறிஞ்சும். வெறும் தோல்தான் மிஞ்சும். வளர்ந்த குடம்பி மென்றே விழுங்கிவிடும்.

பூவின் முன் அந்தரத்தில் நிற்கும், தேனீ போல வரி விழுந்த ஈயின் புழுவும் இதே வேலைக்காரன்தான். காலும் இல்லை, கண்ணும் இல்லை. முன்னுடலை இடமும் வலமுமாக வீசித் தேடும். அகப்பட்ட அழுக்கணவனை இலையிலிருந்து தூக்கி, அந்தரத்தில் பிடித்தபடியே உறிஞ்சும். கால் ஊன்ற இடமில்லாததால் இரை தப்பவே முடியாது. கண்ணாடிச் சிறகுப் பூச்சியின் குடம்பிக்கு அரிவாள் போன்ற இரண்டு தாடைகள் உண்டு. குத்தி, நொதியம் செலுத்தி, அவற்றின் வழியாகவே உறிஞ்சும். சில இனங்கள் உறிஞ்சிய தோல்களை முதுகில் சுமந்து திரியும். நகரும் பஞ்சுத்துண்டு ஒன்றைக் கண்டால் தட்டிவிடாதீர்கள். நூல் காம்பின் நுனியில் நிற்கும் வெள்ளை மணிகளும் பூஞ்சணம் அல்ல, அதன் முட்டைகள்.

கத்தரியிலும் பாகலிலும் மட்டும் கவனம் தேவை. பொறிவண்டுக் குடும்பத்திலேயே இலை தின்னும் 28 புள்ளி வண்டு ஒன்று இருக்கிறது. பளபளப்பின்றி மெல்லிய மயிரோடு இருக்கும். குடம்பி மஞ்சள் நிறம், உடல் முழுக்கக் கிளைத்த முட்கள். அது சுரண்டிய இலை சல்லடையாகிவிடும். அதைக் கையால் பொறுக்கி சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள்.

பீடைநாசினி அடித்தால் இரண்டு தரப்பும் சாகும், ஆனால் ஒரே வேகத்தில் மீளாது. அழுக்கணவன் ஆணோடு சேராமலே குட்டி போடும். அந்தக் குட்டி ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானும் குட்டி போடத் தொடங்கும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். மருந்தடித்த செடியில் முன்னையை விட மோசமாகப் பூச்சி ஏறுவது இந்த இடைவெளியில்தான். முதலில் தண்ணீரை வேகமாகப் பீச்சிக் கழுவுங்கள். விழுந்த அழுக்கணவனில் பெரும்பகுதி திரும்பி ஏறாது.

எறும்பையும் நிறுத்த வேண்டும். அழுக்கணவனின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும். சாடியைச் சுற்றி டேப் ஒட்டி அதன்மேல் வசலின் பூசுங்கள். இலை சுவரிலோ கம்பியிலோ தொட்டால் எறும்புக்கு அதுவே பாலம், ஆகவே அந்தக் கிளையை வெட்டிவிடுங்கள்.

எறும்பைத் தடுக்கச் சாடியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் வழக்கம் கொழும்பில் ஆபத்தானது, அதில் டெங்கு நுளம்பு பெருகும். தும்பி நுளம்பைத் தின்னும் என்று நம்பியும் இருக்க வேண்டாம். தும்பிக் குடம்பி கீழுதட்டை முகத்தின் கீழ் மடித்து வைத்திருந்து, கண்ணிமைக்கும் முன் நீட்டி நுளம்புப் புழுவைக் கொக்கியால் இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது வளர்வது தலங்கம வாவி போன்ற நீர்நிலைகளில். பூச்சாடித் தட்டில் அல்ல. டெங்கு நுளம்புக்கோ அந்தத் தட்டே போதும். வாரம் ஒரு தரம் தண்ணீரைக் கொட்டுவதோடு நிறுத்தாமல் உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.