பிரைமரில் விழும் கடுகளவு ஓட்டை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில், விசைப்படகின் டீசல் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக், எரிபொருளைப் பீய்ச்சும் நாசிலுக்கு அடியில் போடும் செப்பு வாஷர் ஒன்றை என் கையில் வைத்தார். அதன் ஒரு பக்கம் கறுத்து, விளிம்பில் மெல்லிய வாய்க்கால் ஒன்று ஓடியிருந்தது. “வாஷரை மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்லண்ணா, சீட்டையே கேஸ் அறுத்துடுச்சு. கட்டர் போட்டாத்தான் நிக்கும்” என்றார். சீட் என்றால் வாஷர் உட்காரும் தளம். இராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் ஆர்மரராகப் பல ஆண்டுகள் இருந்த எனக்கு, துப்பாக்கித் தோட்டாவின் பிரைமரில் விழும் ஓட்டையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்ட நினைவில்லை.

தோட்டாவின் அடிப்பகுதி நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதுதான் பிரைமர். 7.62 மில்லிமீட்டர் வகைத் துப்பாக்கிகளுக்கான தோட்டாக்களில் அதன் விட்டம் ஏறத்தாழ 5.3 மில்லிமீட்டர்; கிண்ணத்தின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. சுத்தியல் அடித்ததும் முன்னே பாயும் எஃகு ஊசியான ஃபயரிங் பின்னின் முனை வெளியிலிருந்து அடிக்கும்போது, கிண்ணத்துக்குள் இருக்கும் ஈய ஸ்டிஃப்னேட் கலந்த வெடிப்பசை அந்தத் தகட்டுக்கும் உள்ளே உள்ள சிறு அடைகல்லுக்கும் இடையில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. அந்தத் தீ உள்துளை வழியே வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. இங்கே பிரைமரின் வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் கடினமான பாதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஃபயரிங் பின் குத்திய அதே மெல்லிய தகடு, இப்போது மூடியாக நின்று, உள்ளே எழும் வாயுவை வெளியே விடாமல் தாங்க வேண்டும்.

எவ்வளவு அழுத்தம் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இவ்வகைத் தோட்டாவில் உச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 4,000 மடங்கு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 40 கிலோ எடை. ஃபயரிங் பின் வெளிவரும் துளை, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டின் முகப்பில் 2 மில்லிமீட்டர் விட்டம் உடையது என்று வைத்துக்கொண்டால், அந்தத் துளைக்கு நேரே உள்ள தகட்டை உள்ளிருந்து தள்ளும் விசை சுமார் 125 கிலோ. ஐந்து 25 கிலோ அரிசி மூட்டைகளை ஒரு கடுகின் மேல் அடுக்கியது போல. தேய்மானத்தால் துளை 2.5 மில்லிமீட்டராக அகன்றுவிட்டால் விசை கிட்டத்தட்ட எட்டு மூட்டைகளாக உயர்கிறது. அதைத் தாங்க வேண்டிய தகட்டின் விளிம்போ கால் பங்குதான் நீள்கிறது. தள்ளும் விசை விட்டத்தின் இருமடியாகவும், தாங்கும் விளிம்பு விட்டத்தின் அளவிலேயும் வளர்வதுதான் காரணம். அரை மில்லிமீட்டர் தேய்மானத்தை அலட்சியப்படுத்தக் கூடாது என்று நான் இளைய வீரர்களிடம் வற்புறுத்தியது இதனால்தான்.

அந்தத் துளைக்குள் தகடு பிதுங்காமல் வெளியிலிருந்து முட்டுக்கொடுப்பது ஃபயரிங் பின்னின் முனையே. முனை அரைக்கோளமாக, வழவழப்பாக இருந்தால் உலோகம் கிழியாமல் குழிகிறது. முனை கூராக இருந்தாலும், அளவுக்கு மிஞ்சி நீட்டிக்கொண்டிருந்தாலும் அது தகட்டைக் குத்தித் துளைத்துவிடும். முனை துளையைவிட மெலிந்திருந்தாலோ, பின்னுக்குப் பின்னால் உள்ள சுத்தியலின் வில் (ஸ்பிரிங்) தளர்ந்து, வாயு பின்னைப் பின்னோக்கித் தள்ள இடம் கொடுத்தாலோ, தகடு துளைக்குள் பிதுங்கி, வில்லையாகவே வெட்டுப்பட்டு விழும். வெயிலில் நெடுநேரம் கிடந்த தோட்டாவும் அழுத்தத்தைக் கூட்டும். சூடேறிய வெடிமருந்து விரைந்து எரியும் என்பதால், சித்திரை வெயிலில் தோட்டாப் பெட்டியை வண்டியின் தகரத் தளத்தில் விட்டுவைப்பது பெரும் தவறு.

நான் மறக்காத பழுது ஒன்று உண்டு. சுயமாகக் குண்டேற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி ஒன்றில் பிரைமர்கள் ஓட்டையாகின்றன என்று கொண்டுவந்தார்கள். தோட்டாவில்தான் குறை என்று முடிவு கட்டி, வேறு தொகுதித் தோட்டாக்களை வாங்கிக் கொடுத்தேன். மறுநாளும் ஓட்டை. அதன் பிறகே பின்னைக் கழற்றி, உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். உருண்டையாக இருக்க வேண்டிய முனையின் ஓரத்தில் எரிமலை வாய் போன்ற ஒரு குழி. அதன் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தபோது நகம் சீவப்பட்டது. முதல் நாள் ஏதோ ஒரு தோட்டாவில் விழுந்த ஓட்டை வழியே பாய்ந்த வாயு, எஃகையே அறுத்துக் கூராக்கியிருந்தது. அந்தக் கூர் முனை, குறையில்லாத தோட்டாக்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குத்திக்கொண்டிருந்தது. முதல் ஓட்டைக்கான காரணம் எப்போதோ போய்விட்டது. அதன் விளைவே அடுத்த ஓட்டைகளுக்குக் காரணமாகிவிட்டது. காசிமேட்டு மெக்கானிக் சொன்ன சீட்டும் வாஷரும் இதே கதைதான்.

ஆகவே தேடும் வரிசை முக்கியம். காலிக் கூடுகளைச் சுட்ட வரிசையிலேயே எடுத்து வைக்க வேண்டும். முதல் கூட்டிலிருந்தே ஓட்டை, அதுவும் ஒரே இடத்தில் ஒரே வடிவில் என்றால், சந்தேகம் பின்னின் மேல். ஓட்டையைச் சுற்றி உலோகம் எரிமலை வாய்போல் எழும்பியிருந்தால், துளையின் அகலத்தையும் வில்லின் வலுவையும் அளந்து பார்க்க வேண்டும். பிரைமர் தட்டையாகிவிட்டதே, அழுத்தம் கூடிவிட்டது என்று அவசரப்படுவதை நான் ஏற்பதில்லை. தோட்டா அமரும் அறையில் இடைவெளி மிகுந்தாலும், பிரைமர் முதலில் பின்னோக்கி வந்து, பிறகு கூடு பின்னால் வந்து அதை அமுக்கித் தட்டையாக்கிவிடும். பின்னைச் சரிசெய்த பின்னும் ஓட்டை விழுந்தால்தான், அதே தோட்டாவை நல்ல நிலையில் உள்ள வேறு துப்பாக்கியில் சோதித்து, தோட்டாவைக் குறை சொல்ல வேண்டும்.

தானாகக் குண்டேற்றும் துப்பாக்கியில் இன்னும் ஓர் ஆபத்து சேர்கிறது. வெட்டுப்பட்ட வில்லை பின்னின் துளைக்குள் சிக்கிக்கொண்டால், ஃபயரிங் பின் முன்னோக்கி நீட்டியபடியே நின்றுவிடலாம். அப்போது அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வேகமாக முன்னேறும் போல்ட், தான் முழுதாகப் பூட்டிக்கொள்ளும் முன்பே பிரைமரைக் குத்திவிட வாய்ப்புண்டு; தாங்க ஆளில்லாத அந்த அழுத்தம் சுடுபவரின் முகத்தருகே வெடிக்கும். அதனால் ஒரு பிரைமரில் வில்லையளவு ஓட்டையைக் கண்டால், நான் துப்பாக்கியை ஓரம் கட்டி, போல்ட்டை முழுதாகப் பிரித்து, வெள்ளைத் துணியின் மேல் தட்டுவேன். கடுகளவு பித்தளை வில்லை அந்தத் துணியில் வந்து விழும்வரை அந்தத் துப்பாக்கி சுடுதளத்துக்குத் திரும்பிப் போனதில்லை.