சத்து கேஸில் போவதில்லை

போன வாரம் காங்கயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளைக்குப் போயிருந்தேன். சில வருஷம் முன்பு நானே நின்று கட்டிக்கொடுத்த, சாணியிலிருந்து அடுப்புக்கு எரிவாயு எடுக்கும் கோபர் கேஸ் கலன் அங்கே இருக்கிறது. மேலே இருந்த இரும்பு டிரம்மைத் தூக்கி நிமிர்த்தி, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாக்கிவிட்டார்கள். திறந்து கிடக்கும் குழியில் சாணி இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே தென்னமட்டை அடுப்பு. அந்த அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துக் காப்பி வைத்தார். இந்த வருஷம் நான் இப்படிப் பார்க்கும் ஆறாவது வீடு இது.

எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: “சத்தெல்லாம் கேஸாப் போயிருதுங்க தம்பி. காட்டுக்கு வெறுஞ் சக்கையத்தான் போடோணும்.”

இல்லைங்க. குழாயில் வரும் வாயுவில் ஐந்தில் மூன்று பங்கு மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. இரண்டிலும் தழைச்சத்து (நைட்ரஜன்) கிடையாது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிடையாது, சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கிடையாது. மூன்றும் கலனிலிருந்து வெளியே வரும் சாணிக் கரைசலிலேயே இருக்கின்றன. சாணியின் கரியில் (கார்பனில்) ஒரு பங்கு போவது உண்மை. எருக்குழியில் மக்கினாலும் அது போகத்தான் செய்யும். எருக்குழிப் பக்கம் மூக்கில் ஏறும் நெடி இருக்கிறதே, அது அம்மோனியா. தழைச்சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம். வறட்டி தட்டி எரித்தால் தழைச்சத்து மொத்தமும் புகையோடு போய்விடும். அதைப் பற்றி யாரும் கவலைப்படக் காணோம்.

இந்த நினைப்பு எப்படி வந்தது என்றும் தெரியும். கரைசலைப் பாத்தியில் ஊற்றி வெயிலில் காயவிட்டு, கட்டியானதும் அள்ளிப் போடுகிறார்கள். அப்படிக் காய்ந்தால் அம்மோனியா போகாமல் என்ன செய்யும்? வாய்க்கால் தண்ணீரோடு கலந்து பாய்ச்சுங்கள். முடியாவிட்டால் நிழலில் சருகோடு சேர்த்து மக்கவிடுங்கள்.

மழை தவறுகிறது, கிணறு வற்றுகிறது என்று பேசாத ஊர் இல்லை. மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 80 மடங்கு பூமியைச் சூடேற்றும். அடுப்பில் எரித்துவிட்டால், மாடு தின்ற சோளத்தட்டு காற்றிலிருந்து எடுத்த கரிதான் காற்றுக்குத் திரும்புகிறது. ஒழுகவிட்டால் கலன் கட்டியதே வீண். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கேஸ் மிஞ்சினால் திறந்துவிடாதீர்கள், குளிக்கத் தண்ணீர் காய வையுங்கள்.

2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணி வேண்டும், அதே அளவு தண்ணீரும் வேண்டும். நாலைந்து மாடு இல்லாமல் அந்த அளவு கட்டாதீர்கள். பினாயில் போட்டுக் கழுவிய கட்டுத்தரைத் தண்ணீரை உள்ளே விடாதீர்கள். சுடர் துடித்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது, வடித்துவிடுங்கள். இவ்வளவுதான் பராமரிப்பு.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சுத்தம் செய்கிறேன் என்று யாரும் குழிக்குள் இறங்காதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போதே ஆள் விழுந்துவிடுவார். தூக்கப் பின்னால் இறங்குபவரும் மேலே வரமாட்டார். தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள்.

அந்தச் சாளையில் பெரியவர் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, வெளியே நின்றே பம்பு வைத்துக் குழியை இறைத்துவிட்டு, டிரம்மைத் திரும்ப மாட்டுகிறோம். மாட்டுக்கு வேறு தொட்டி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.