எரியும் காடு, எரியாத சீசியம்

2020 ஏப்ரலில் உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள காடு பற்றி எரிந்தது. ஆளில்லாத பிரிபியாட் நகரம் வரை தீ வந்தது. தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கீவ் நகரத்தைப் புகை சூழ்ந்தது. கொரோனா ஊரடங்கில் ஏற்கெனவே வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களிடம் ஜன்னலையும் சாத்தி வையுங்கள் என்றார்கள்.

1986இல் வெடித்த உலையை ராட்சத எஃகுக் கூரையால் மூடியாயிற்று. அப்புறம் எப்படிக் காட்டுப் புகையில் கதிரியக்கம்?

அது உலையிலிருந்து வரவில்லை, சருகிலிருந்து வந்தது. வெடிப்பில் வெளியேறி நெடுநாள் நிற்பவற்றில் முக்கியமானது சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். இதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், சுமார் 30 ஆண்டுகள். ஆக, அன்று விழுந்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு 2020இலும் மிச்சம் இருந்தது. வேதியியல் குணத்தில் சீசியம் பொட்டாசியத்தை ஒத்தது என்பதால் வேர்கள் ஏமாந்து அதை உறிஞ்சிக்கொள்கின்றன. ஊசியிலைக்கு ஏறி, இலை உதிர்ந்து, மக்கி, மறுபடி வேருக்குப் போகிறது. களிமண் நிறைந்த இடமாக இருந்தால் மண்ணே சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே மணலும் கரிச்சேற்று நிலமும் (மக்கிய செடிகொடிகள் படிந்த ஈரநிலம்) அதிகம் என்பதால் இந்தச் சுழற்சி ஓயவே இல்லை. அதே வெடிப்பில் வெளிவந்த இன்னொரு கதிரியக்கப் பொருள் ஸ்ட்ரான்ஷியம்-90; கால்சியத்தை ஒத்த அது மரக்கட்டைக்குள்ளேயே போய்த் தங்குகிறது. சருகும் காய்ந்த பாசியும் மரமும்தான் காட்டுத்தீக்கு இரை. கதிரியக்கத்தில் கணிசமான பங்கு இருப்பதும் அங்கேதான்.

தீயால் கதிரியக்கத்தைக் கூட்டவும் முடியாது, அழிக்கவும் முடியாது. எரிதல் என்பது அணுக்களின் வெளிப்புற எலக்ட்ரான்கள் சம்பந்தப்பட்ட விவகாரம். உட்கருவை அது தொடுவதே இல்லை. மரத்தின் கார்பன் வாயுவாகப் போய்விடும், சீசியம் அப்படியே மிஞ்சும். அதனால் ஒரு கிலோ சருகைவிட ஒரு கிலோ சாம்பலில் கதிரியக்கம் பல மடங்கு செறிவாக இருக்கும்.

ஆனால் எல்லாம் சாம்பலில் தங்கிவிடுவதில்லை. சீசியமும் அதன் சேர்மங்களும் ஒப்பீட்டளவில் எளிதில் ஆவியாகக்கூடியவை. தீயின் உக்கிரத்தில் ஒரு பங்கு ஆவியாகி மேலே போகிறது. சோற்றுப் பானையின் மூடியில் நீராவி குளிர்ந்து துளியாக ஒட்டுவதுபோல, அந்த ஆவி மேலே குளிர்ந்து புகைத் துகள்களின் மேல் படிகிறது. இத்துகள்கள் மிக நுண்ணியவை. நாள்கணக்கில் காற்றில் மிதக்கும், நுரையீரலின் ஆழம் வரை செல்லும். உலையிலிருந்து வெளிவந்த இன்னொன்றான புளூட்டோனியம் அவ்வளவு சுலபத்தில் ஆவியாகாது. சாம்பல் செதிலோடும் புழுதியோடும் கிளம்பி, பெரும்பாலும் பக்கத்திலேயே விழுந்துவிடும். செர்னோபில் பகுதியில் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே சிறு தீ மூட்டி அளந்து பார்த்திருக்கிறார்கள். சருகிலுள்ள சீசியத்திலும் ஸ்ட்ரான்ஷியத்திலும் 4 சதவீதம் வரை, புளூட்டோனியத்தில் 1 சதவீதம் வரை காற்றில் ஏறக்கூடும் என்பது அவர்களின் மதிப்பீடு. தரையோடு ஊரும் தீயின் புகை தாழ்வாகப் பரவும். மர உச்சிகளைப் பிடித்துத் தாவும் தீயோ புகையை வெகு உயரத்துக்குத் தள்ளிவிடும், அங்கிருந்து காற்று அதை நாடு விட்டு நாடு கொண்டுபோகும்.

2020இல் பிரான்சின் கருவிகள்கூட இந்தச் சீசியத்தைக் கண்டுபிடித்தன. உடனே பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கருவிகள் நம்ப முடியாத அளவுக்கு நுட்பமானவை; கண்டறிந்த அளவு உடல்நலத்தைப் பாதிக்காத அளவுக்குச் சொற்பம். கீவிலும் அளவு வரம்புக்குள்தான் இருந்தது. என்னைக் கேட்டால், அந்த வாரம் கீவ் மக்களின் நுரையீரலுக்குச் சீசியத்தைவிடச் சாதாரணப் புகையே பெரிய எதிரி.

அப்போது ஓர் அதிகாரி, கதிர்வீச்சை அளக்கும் கையடக்கக் கருவி காட்டிய அளவை இணையத்தில் போட்டார். வழக்கமாக மணிக்கு 0.14 மைக்ரோசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றும், தீயின் நடுவில் 2.3 என்றும் எழுதினார். செய்தி உலகம் முழுக்கப் பறந்தது. ஆனால் அந்தக் கருவி தரையிலிருந்து வரும் காமாக் கதிரையும் சேர்த்தே எண்ணும், தீயே இல்லாத நாளிலும் அதைவிட அதிகம் காட்டும் இடங்கள் அங்கே உண்டு. புகையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், காற்றை மணிக்கணக்கில் வடிதாளின் வழியே இழுத்து, அப்புறம் அந்தத் தாளை ஆய்வகத்தில் அளக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து தீயணைப்பு வீரர்களுக்குத்தான். புளூட்டோனியமும், அமெரிசியம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளும் வெளியிடும் ஆல்ஃபாக் கதிரைத் தோலே தடுத்துவிடும். மூச்சோடு உள்ளே போனால் தடுக்க எதுவும் இல்லை. தீத்தடுப்புக் கோடு போட டிராக்டர் உழும்போது கிளம்பும் புழுதியும் இதில் சேரும். இதில் ஒரு விசித்திரம்: அங்கே அமெரிசியம்-241 ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. 14 ஆண்டு அரை ஆயுள் கொண்ட புளூட்டோனியம்-241 சிதைந்து அதுவாக மாறுவதே காரணம்.

தீ அணைந்த பிறகும் நகர்வு நிற்பதில்லை. மழை சாம்பலை அரித்துப் பிரிபியாட் ஆற்றில் சேர்த்தால், அது டினீப்பர் ஆற்றிலுள்ள கீவ் நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேரும். இதில் ஸ்ட்ரான்ஷியத்தைத்தான் அதிகம் கவனிக்கிறார்கள், நீரில் எளிதாகக் கரைந்து பயணிப்பது அதுதான்.

இந்தக் காடு ஏன் இவ்வளவு சுலபமாகப் பற்றுகிறது? கைவிட்ட வயல்களில் ஆளுயரப் புல் காய்ந்து கிடக்கிறது. நெருக்கமாக நட்ட பைன் மரங்கள், வறட்சி, அக்கம்பக்கத்தில் வசந்தகாலத்தில் காய்ந்த புல்லைக் கொளுத்தும் பழக்கம் எல்லாம் சேர்கின்றன. முன்பெல்லாம் சிறு தீயை உடனே போய் அணைப்பதுதான் வழி. 2022இல் ரஷ்யப் படை வந்து போன பிறகு காட்டில் கண்ணிவெடிகள் கிடக்கின்றன. அவை இருக்கும் இடங்களில் வீரர்கள் கால் வைக்க முடியாது. முதலில் வெடி அகற்றுவோர் வழி திறக்க வேண்டும். அதற்குள் தீ பெரிதாகிவிடுகிறது.