கூளம் ஈரமானால் குடலையும் பாருங்கள்

கறிக்கோழிக் கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிகிறதா? அது அம்மோனியா. அங்கேயே வேலை செய்பவருக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். அவரிடம் கேட்டால் 'நாற்றமா, இல்லையே' என்பார்.

இந்த அம்மோனியாவில் பெரும்பகுதி தரையில் பரப்பியிருக்கும் கூளத்தில்தான் உருவாகிறது. கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான் யூரிக் அமிலம். உமியிலும் மரத்தூளிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதைப் படிப்படியாக உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. அதற்கு அவற்றுக்கு ஈரம் வேண்டும். ஈரப்பதம் 25 சதவீதத்துக்குள் இருந்தால் கூளம் பொலபொலவென்று இருக்கும். 35-ஐத் தாண்டினால் கட்டிபிடித்துப் பாளமாகிவிடும். அதன்மேல் நிற்கும் கோழிகளுக்குப் பாதத்தில் புண் வரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? இரண்டு கிலோ எடைக்கு வளர்வதற்குள் ஒரு கோழி ஏறக்குறைய ஆறு லிட்டர் தண்ணீர் குடிக்கிறது. அதன் உடம்பில் தங்குவது ஒன்றரை லிட்டர்கூட இல்லை. மற்றதெல்லாம் மூச்சிலும் எச்சத்திலும் போகிறது. குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் நன்றாக இருந்தால் எச்சம் கெட்டியாக விழும். இரத்தக்கழிச்சலோ குடல் அழற்சியோ வந்து அவை சிதைந்தால், உறிஞ்சப்படாத நீரும் செரிக்காத புரதமும் நேராகக் கூளத்துக்குத்தான் வரும்.

புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நன்மை செய்வதற்காக உயிரோடு கொடுக்கும் நுண்ணுயிரிகள், வேலை செய்வது இங்கேதான். தாய்க்கோழியோடு வளரும் குஞ்சு அதன் எச்சத்தைக் கொத்தியே நல்ல நுண்ணுயிரிகளைப் பெற்றுவிடும். பொரிப்பகத்துக் குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிரிகளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா தொற்றிலிருந்து அவற்றைக் காக்க முடியும் என்று பின்லாந்தின் நூர்மியும் ரன்டலாவும் 1973-இல் காட்டினார்கள். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். முதலில் உட்கார்ந்தவர் இருக்கும்போது கெட்டவருக்கு இடமில்லை. லாக்டோபேசில்லஸ் போன்றவை அமிலம் சுரந்தும் கெட்ட கிருமிகளை ஒடுக்குகின்றன.

குச்சித் தீவனத்தில் கலப்பதற்குப் பெரும்பாலும் பேசில்லஸ் இனங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். தீவனம் அச்சாகும்போது ஏறும் சூட்டில் லாக்டோபேசில்லஸ் செத்துப்போகும். பேசில்லஸோ தடித்த ஓடுள்ள வித்தாக உறங்கிக் கிடந்து, குடலுக்குள் போய் முளைக்கும். லாக்டோபேசில்லஸைக் குடிநீரில் கொடுக்கலாம். ஆனால் அந்த நீரில் குளோரின் இருந்தால் காசு வீண்.

'கூளத்தில் இறங்கி அம்மோனியாவையே தின்றுவிடும்' என்று சில விளம்பரங்கள் சொல்வதை நான் அப்படியே நம்பமாட்டேன். பேசில்லஸ் இனங்களிலேயே யூரிக் அமிலத்தை உடைத்து அம்மோனியா உண்டாக்குபவையும் உண்டு. அதனால் பொட்டலத்தில் பேசில்லஸ் என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. எந்த இனம், எந்த ரகம், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள வித்துகள் என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய்முனையான நிப்பிள் ஒழுகினாலோ தீவனத்தில் உப்பு கூடினாலோ காற்றோட்டம் இல்லாவிட்டாலோ எந்தப் புரோபயாட்டிக்கும் கூளத்தைக் காயவைக்காது. நிப்பிள் வரிசைக்கு அடியில் ஒரு பிடி, சுவரோரம் ஒரு பிடி கூளம் எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. நிப்பிளுக்கு அடியில் மட்டும் உருண்டையாக நின்றால் குழாயைச் சரிசெய்யுங்கள். இரண்டு இடத்திலும் நின்றால் எச்சத்தைக் கவனியுங்கள்.